வாசலில் காட்டெருமை

ஆறரைக்கு என்று போஸ்டரில் போட்டோம்.
ஏழேகாலுக்கு முப்பத்தொரு பேர்.
எண்ணியது நான்தான்.
மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குத்
தலைகளைத் தவிர வேறென்ன தெரியும்?

குன்னூர் மார்க்கெட்டுக்குக் கீழே
உருளைக்கிழங்கு அடுக்கிய கிடங்கு இது.
மழை பெய்தால் இன்றும் மூட்டை வாசம் எழும்பும்.
நான்கு பலகை, மேலே ஒரு ஜமக்காளம்,
அதன்மேல் டிரம்ஸ், அதற்குப் பின்னால் சிவநேசன்:
திங்களிலிருந்து தேயிலை லாரியும் அதே கைகள்தான்.
நூருல்லா வர்க்கி சுடுகிறவன்,
கிடார் கம்பிகளில் எப்போதும் கொஞ்சம் மைதா.
பாடுவது ஹெப்சிபா.
வெடிமருந்து ஆலையில் ஷிப்ட் முடித்து
டிபன் பாக்ஸோடு வருவாள்.

பேஸ் கிடாருக்கு ஆள் இல்லை.
பெனிட்டா கிளாஸ்கோ போய் எட்டு மாதம்,
அங்கே எலும்பு வார்டில் நர்ஸ்.
அவள் இடத்தில் காலி நாற்காலி போடலாம் என்றான் நூருல்லா.
“செத்தவளுக்குப் போடுற மாதிரி இருக்கு, எடுடா.”
எடுப்பதற்குள்
நனைந்த சால்வை போர்த்திய ஒருவர் வந்து
அதில் உட்கார்ந்துவிட்டார்.
முப்பத்திரண்டு.

வியாழன்தோறும் அவளிடமிருந்து குரல் வரும்:
“இங்கயும் இதே மழைதான்டா.
ஒரு பார் இருக்கு, மேடையே கிடையாது.
மேஜையைச் சுத்தி உக்காந்து வாசிக்கிறாங்க,
பஸ் டிரைவர், பல் டாக்டர், மீன் வெட்டுற பொம்பள.
புதுசா யார் வந்தாலும் நாற்காலியை நகத்துவாங்க.
என் ஊரைக் கேக்கல, பேரைக் கேக்கல.
என்ன வாசிப்பேன்னு மட்டும் கேட்டாங்க.
தப்பா வாசிச்சேன்.
சிரிச்சாங்க. மறுபடி வாசின்னாங்க.”

கடைசிப் பாட்டு முடிந்தது எட்டரைக்கு.
அருவங்காடு பஸ்ஸுக்கு எழுந்தவர்கள்
எழுந்தபடியே நின்றார்கள்.

வாசலில் காட்டெருமை.
வெள்ளைக் காலுறை நான்கும் ஈரத்தில் ஊன்றி
முட்டைக்கோஸ் இலையை மென்றுகொண்டிருந்தது,
வாடகை வசூலிக்க வந்த வீட்டுக்காரர் மாதிரி
அவசரமே இல்லாமல்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

ஸ்பீக்கர் ஒருமுறை ‘டப்’ என்றது, அவ்வளவுதான்.
இருட்டில் என் விரல்களுக்கு அடியில்
இருபத்துநான்கு பொத்தான்கள்,
ஒன்றுக்கும் உயிரில்லை.
சிவநேசன் மட்டும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தான்,
பிரேக் பிடிக்காத இறக்கத்தில் போகிறவன் போல.

அப்போது நாற்காலியிலிருந்து ஒரு பெருமூச்சு.
மனிதனுடையது அல்ல.
சால்வைக்குள் ஏதோ உப்பியது.
ஞானதுரை, வெலிங்டன் பட்டாளத்தில்
பேக்பைப் ஊதி ஓய்வு பெற்றவர்,
ஏதோ ரிசப்ஷனில் ஊதிவிட்டு
மழைக்கு ஒதுங்க வந்தவராம்.
முதலில் துருத்தியின் அடிக்குரல் மட்டும் வந்தது,
கிடங்கின் தகரம் முழுவதும் அதிர,
எட்டு மாதமாகக் குழியாய்க் கிடந்த இடத்தில்
மண் விழுகிற மாதிரி.

பி ஃபிளாட்டுக்கும் கால் இழை மேலே அந்தச் சுருதி.
ஹெப்சிபா கண்ணை மூடித் தேடினாள்,
ஒருமுறை வழுக்கினாள், பிறகு பிடித்துக்கொண்டாள்.
கரண்ட் இல்லாத கிடாரைக் கீழே வைத்துவிட்டு
நூருல்லா தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்தான்.
ஜெகதளா பையன்கள் மூன்று பேர் வட்டம் தொடங்க
ஒரு எல்ஐசி ஏஜென்ட் நான்காவதாய்ச் சேர்ந்தார்,
இடது காலை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

நான் பெனிட்டாவைக் கூப்பிட்டேன்.
அங்கே மதியம் மூன்றரை, இருட்டத் தொடங்கிவிட்டதாம்.
டியூட்டிக்குப் போகும் பஸ்ஸில் இருந்தாள்.
போனைத் துருத்திப் பக்கம் நீட்டினேன்.
நெடுநேரம் பேச்சில்லை.
அவள் பக்கத்து மழையும் என் பக்கத்து மழையும்
ஒரே இரைச்சலாகக் கேட்டன.

பிறகு கேட்டாள்:
“யார்டா பேஸ்?”

பத்து மணிக்குக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன்.
வாசல் காலி.
சாணம் மட்டும், சூடாக.

யாரிடமும் சொல்லவில்லை.